கொக்கி போடுகிறவர்

பத்தியின் கடைசி வரியைப் படிப்பார். அடுத்த பத்தியின் முதல் வரியைப் படிப்பார். பிறகு மேல்கூரையைப் பார்த்து, உப்பு போதுமா என்று ருசி பார்க்கிறவரைப் போல நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, டக்கென்று எடுப்பார். “இங்க ஒரு ஹவெவர்” என்பார். பென்சில் இறங்கும். அடுத்த இடைவெளி. அடுத்த டக். “இங்க மோரோவர் போதும். பாவம், சின்னப் பத்தி.”

பத்திக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். அது அவர் தொழில் அல்ல. வீட்டுக்குள்ளே யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பது கதவுக்குக் கீல் மாட்ட வந்தவருக்கு எதற்கு?

ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்க நினைக்கும் எல்லோருக்கும் அந்த ஊரில் இவரைத் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. “கொக்கி சார்” என்றால் ஜெராக்ஸ் கடைக்காரரே மாடிப்படியைக் காட்டுவார். வாக்கியத்தோடு வாக்கியத்தை மாட்டிவிடுகிற ஆங்கிலச் சொற்கள் அத்தனைக்கும் அவர் வைத்த பொதுப்பெயர் கொக்கி. சேர்க்கிற கொக்கி, மறுக்கிற கொக்கி, காரணம் காட்டுகிற கொக்கி, முடித்து வைக்கிற கொக்கி என்று நான்கு சாதி. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தவுடன் சரியான இழுப்பறைக்குக் கை தானாகப் போவதுபோல, இவருக்கும் வரியைப் பார்த்தவுடன் சாதி தெரிந்துவிடும்.

கடையின் நகல் எந்திரங்கள் கீழே ஓடும் சூடு, மாடி அறையின் தரை வழியாக ஏறி வரும். அதனால் செருப்பைக் கழற்ற மாட்டார். ஒரு மேசை. இரண்டு நாற்காலி. வருகிறவருக்கான நாற்காலிக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. ஆராய்ச்சியாளர்கள் அதில் ஆடாமல் உட்காரவே பெரும்பாடுபடுவதால் அதிகம் பேச மாட்டார்கள். அது அவருக்கு வசதி.

“என்னம்மா, முதல் பத்தி பஸ் ஸ்டாப்புல காத்திருக்கிறவங்களைப் பத்திப் பேசுது. அடுத்த பத்தியில வெளிநாட்டு அறிஞர் ஒருத்தர் மனுஷ மனசு ஆழமானதுன்னு சொல்றாரு. ரெண்டுக்கும் என்ன உறவு?”

“தெரியல சார். கைடு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடச் சொன்னாரு.”

“கைடுக்குத் தெரியுமா?”

“அவரோட கைடு அப்படித்தான் போட்டாராம் சார்.”

“அப்ப பரம்பரை உறவு. ‘இன் திஸ் ரிகார்ட்’, அதாவது ‘இது சம்பந்தமா’ன்னு போட்டுடலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

இது அவருடைய தத்துவத்தின் சாரம். இதைக் காசு வாங்காமலே எல்லோருக்கும் சொல்வார். “இங்கிலீஷ்ல ரெண்டு வாக்கியத்தைச் சும்மா பக்கத்துல உட்கார வெச்சீங்கன்னா, பார்க்கிறவன் ‘இவங்க யாரு, எதுக்குச் சேர்ந்து வந்திருக்காங்க’ன்னு கேப்பான். நடுவுல ஒரு கான்சிக்வென்ட்லி நின்னுதுன்னு வைங்க, ‘ஓ, குடும்பமா வந்திருக்காங்க’ன்னு உள்ளே விட்டுடுவான். படிச்சவனுக்கு அர்த்தம் வேண்டாங்க. வழி வேணும். வழுக்கிட்டுப் போகணும்.”

வழுக்கிக்கொண்டு போனார்கள். முனைவர்களாகப் போய் இறங்கினார்கள். அவர்களில் சிலர் வழிகாட்டிகளாகி, தங்கள் மாணவர்களை அதே மாடிப்படிக்கு அனுப்பினார்கள்.

ஆரம்பத்தில் இவரும் எல்லாவற்றையும் படித்தவர்தான். ஒருமுறை மண்வளம் பற்றிய ஆய்வில் ஒரு பத்தியின் நடுப்பகுதி புரியவில்லை. எழுதிய பையனைக் கேட்டார். அவனுக்கும் புரியவில்லை. இருவரும் நல்லெண்ணத்தோடு வழிகாட்டியிடம் போய்க் கேட்டார்கள். வழிகாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்களை யாருங்க உள்ளே போகச் சொன்னது?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த கல்வியாண்டு வரை அந்தத் துறையிலிருந்து ஒரு தாள்கூட மாடிக்கு ஏறவில்லை. அன்று முதல் கொக்கி சார் வாசலோடு நின்றுகொண்டார். வாசலோடு நிற்பதில் இன்னொரு லாபமும் தெரிந்தது: ஒரு தேநீருக்கும் அடுத்த தேநீருக்கும் நடுவே ஒரு அத்தியாயம் முடிந்துவிடும்.

நாளடைவில் இந்தப் பழக்கம் காதுக்கும் இறங்கியது. அதில்தான் வீட்டில் தொல்லை.

வீட்டில் இருப்பவர் ஸ்டோர் அம்மா. கொக்கி சாரின் மனைவி. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடப் பொருள் கிடங்குக்குப் பொறுப்பாளர். கண்ணாடிக் குழாயிலிருந்து மைக்ராஸ்கோப் வரை எது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று விளக்கு இல்லாமலே எடுத்துத் தருகிறவர். கொக்கி சாரின் வருமானம் பருவத்துக்கு வரும். ஸ்டோர் அம்மாவின் சம்பளம் மாதத்துக்கு வரும். குடும்பம் நின்றது இரண்டாவதன் மேல். ஓய்வூதியத்துக்கும் அதிக தூரம் இல்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை ஆரம்பித்துவிடுவார்.

“ஏங்க, இன்னிக்கு ஸ்டோர்ல ஒரு கூத்து…”

“ம்.”

கதை ஓடும். கொக்கி சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி மூச்சு வாங்குகிற இடம் பார்த்து “அதனால?” என்று ஒன்றைச் செருகுவார். அடுத்த மூச்சில் “இருந்தாலும்?” கடைசி வாக்கியம் வந்ததும் தலையை ஆட்டுவார்.

“நடுவுல நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்.”

“நடுவுலயா?”

“ஆமா. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குமே, அதுல.”

“அதான் கேட்டேனே, அதனாலன்னு.”

“உங்களுக்கு நான் பேச வேண்டாங்க. காலையில ஒரு வாக்கியம், ராத்திரி ஒரு வாக்கியம் சொன்னாப் போதும். நடுவுல இருக்கிற நாளை நீங்களே ஒட்டிக்குவீங்க.”

கொக்கி சார் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கிடங்கின் கூரைக்கு மேல் ஓடும் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்பதையும், எழுதிக் கொடுத்தும் யாரும் வரவில்லை என்பதையும், மறுபடி எழுதிக் கொடுத்ததையும் ஸ்டோர் அம்மா வீட்டில் சொல்லத்தான் சொன்னார். எல்லாம் நடுவில் சொன்னார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அனுமதி வாங்கி ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினார். அது கொக்கி சாருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனார். விடுமுறை நாளில் குழாய் உடைந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கணுக்கால் தண்ணீர். துறையே பெருமையாக வாங்கி வைத்திருந்த மைக்ராஸ்கோப், மீன்தொட்டிக்குள் வைத்த பொம்மைபோல நின்றது.

பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவைப் போட்டது. தலைவர் வேதியியல் பேராசிரியர். இரண்டாமவர் பராமரிப்புப் பிரிவின் என்ஜினியர்; அதாவது குழாய்க்குச் சொந்தக்காரர். மூன்றாமவர் நிதி அதிகாரி. மூவருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. இருந்தாலும் நேர்மையானவர்கள், ஸ்டோர் அம்மாவைக் கூப்பிட்டு மரியாதையாக விசாரித்தார்கள். “உங்க மேல தப்பு இருக்கிறதாத் தெரியலைம்மா, போய் வேலையைப் பாருங்க” என்று தலைவரே சொன்னார்.

பேச்சுவார்த்தை இல்லாததால் அறிக்கையை அவரவர் அறையில் அவரவர் பத்தியாக எழுதினார்கள். யார் காரணம் என்று யாரும் எழுதவில்லை. ஒப்புக்கொள்ள முடியாததை எழுதினால் மற்றவர் கையெழுத்துப் போட மாட்டார் என்பது மூவருக்கும் தெரியும். ஆகவே உண்மைகளை மட்டும் எழுதினார்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, கோடு போட்ட இடைவெளியோடு, ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் உண்மைகள் நின்றன. பெயர் வேண்டாம் என்றும் தீர்மானித்தார்கள். “சம்பந்தப்பட்ட பணியாளர்” போதும். கெட்டுப்போன கருவிக்கும் கிடங்குக்கும்கூடப் பெயர் இல்லை. அப்போதுதான் நடுநிலை.

தலைவர் படித்துப் பார்த்தார். சரக்கு இருந்தது, ஓட்டம் இல்லை. ஆட்சிக்குழுவுக்குப் போகிற ஆங்கிலம் இப்படித் தத்தித் தத்தியா போவது? பழுப்புக் கவரில் போட்டு, ரகசியம் என்று முத்திரை குத்தி, வழக்கமான இடத்துக்கு அனுப்பச் சொன்னார். குமாஸ்தா வழக்கம்போல ஸ்டோர் அம்மாவிடம் கொடுத்தார். “சார்கிட்ட குடுத்துடுங்கம்மா. அவசரமாம்.”

துறைத் தாள்கள் எல்லாம் அப்படித்தான் போகும். தபால் செலவு மிச்சம். ஸ்டோர் அம்மா கவரைச் சாப்பாட்டுப் பையில் பாத்திரத்தோடு வைத்து, மடங்காமல் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தார். “பத்திரம். ரகசியமாம்.”

கொக்கி சார் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். முதல் பத்தியின் கடைசி வரி: இது இருமுறை எழுத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது. அடுத்த பத்தியின் முதல் வரி: அப்படியொரு புகார் பதிவாகவில்லை. டக். ஹவெவர். அடுத்தது: பணியாளர் வெள்ளி மதியம் விடுப்பில் சென்றார். டக். மோரோவர். அடுத்தது: திங்களன்று கருவி பயனற்ற நிலையில் காணப்பட்டது. இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கான்சிக்வென்ட்லி. கடைசிப் பத்தி நிதி அதிகாரியுடையது. அவர் எங்கே எழுதினாலும் பொதுவாகவே எழுதுவார்: இத்தகைய பதவிகளில் நம்பகத்தன்மை இன்றியமையாதது. நாக்கு ஒட்டி, சற்று நேரம் சுகமாக ஒட்டியிருந்து, பிரிந்தது. தேர்ஃபோர்.

தேநீர் ஆறவில்லை. முழுவதும் வழுக்கிக்கொண்டு போனது.

ஒரு மாதம் கழித்து, ஸ்டோர் அம்மா நட்ட நடு மதியம் மாடிப்படி ஏறி வந்தார். அதற்கு முன் அந்த அறைக்கு அவர் வந்ததில்லை. ஆட்டம் காட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது, அவர் கவனிக்கவில்லை.

“வேலை போயிடுச்சுங்க.”

“அதனால?” என்றார் கொக்கி சார். வாய் தானாகச் சொன்னது.

ஸ்டோர் அம்மா அவரைப் பார்த்தார். கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். மேலே பணிநீக்க உத்தரவு. கீழே அறிக்கையின் நகல்.

“இதைப் படிச்சுட்டுத்தான் முடிவு பண்ணாங்களாம். எல்லாம் தெளிவா இருக்காம். பென்ஷனும் கிடையாதாம். எனக்குப் பாதி புரியுது, பாதி புரியல. தமிழ்ல சொல்லுங்க. முழுசா சொல்லுங்க.”

பல வருடங்களுக்குப் பிறகு கொக்கி சார் ஒரு தாளை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்தார். குரல் முதல் பத்தியில் நன்றாகத்தான் இருந்தது.

“குழாய் ஒழுகுதுன்னு சம்பந்தப்பட்ட பணியாளர்… ரெண்டு தடவை எழுத்துல சொல்லியிருக்காங்க.”

“ஆமா. சொன்னேன்.”

“ஆனாலும்… அப்படி ஒரு புகார் பதிவாகலை.”

“இந்த ‘ஆனாலும்’ யாரு சொன்னது? என்ஜினியரா?”

கொக்கி சார் அடுத்த வரிக்குப் போனார். “மேலும், பணியாளர் வெள்ளி மதியம் விடுப்புல போயிட்டாங்க.”

“அனுமதி வாங்கிட்டுப் போனேன்னு போடலையா?”

“போட்டிருக்கு. உள்ளே இருக்கு. நடுவுல.”

“சரி. அப்புறம்?”

“அதன் விளைவா…” நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரிய மறுத்தது. “அதன் விளைவா, கருவி கெட்டுப்போச்சு.”

“பல்லைப் பிடுங்கினதால மைக்ராஸ்கோப் கெட்டுப்போச்சா?”

கீழே எந்திரம் ஒன்று தாளை விழுங்கிச் சிக்கிக்கொண்டு கத்தியது. கடைக்காரர் அதைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“மூணு பேரும் நேர்ல பேசும்போது ஒருத்தர்கூட என்மேல தப்புன்னு சொல்லலைங்க,” என்றார் ஸ்டோர் அம்மா. “தனித்தனியா நல்லவங்களாத்தான் இருந்தாங்க. இதுல சேர்ந்து வந்து அடிக்கிறாங்களே, எப்படி?” பிறகு, அவருடைய கண் மேசைமேல் கிடந்த வேறொரு ஆய்வேட்டுக்குப் போனது. இரண்டு பத்திகளுக்கு நடுவே பென்சிலில் எழுதியிருந்த சொல்லைப் பார்த்தது. அறிக்கையில் அதே சொல்லைப் பார்த்தது.

“போன மாசம் ஒரு பழுப்புக் கவர் வந்துதே.”

கொக்கி சார் பென்சிலை எடுத்து மேசை விளிம்போடு நேராக வைத்தார்.

“நான்தானே கொண்டு வந்தேன்? மடங்கக் கூடாதுன்னு பாத்திரத்துக்கு அடியில வெச்சு.”

“பேரு இல்லம்மா அதுல. யாருன்னு எப்படித் தெரியும்? ‘சம்பந்தப்பட்ட பணியாளர்’னுதான்…”

“சம்பந்தத்தைப் போட்டது நீங்கதானே.” குரலை உயர்த்தாமலே கேட்டார். “குழாய் விஷயம் பூரா உங்ககிட்ட சொன்னேன். சட்டியை வெச்சு ஒழுகலைப் பிடிச்சதைக்கூடச் சொன்னேன். இதைப் படிக்கும்போது ஒரு இடத்துலயாவது நம்ம வீட்டுக் கதை மாதிரி இருக்கேன்னு தோணலையா?”

தோன்றுவதற்கு அந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும். இதை எந்தக் கொக்கியால் மாட்டிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் கொக்கி சார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு விசாரணைக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனார். தலைவர் எழுந்து கை கொடுத்தார்.

“வாங்க வாங்க! ஆட்சிக்குழுவுல உங்க அறிக்கைக்குத்தான் பாராட்டு. மன்னிக்கணும், எங்க அறிக்கைக்கு.”

“அதுல சொல்லியிருக்கிற பணியாளர் என் மனைவி சார்.”

தலைவர் உண்மையாகவே வருந்தினார். “அடடா. உங்க வீட்டம்மாவா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நல்ல அம்மா. நான்கூட அவங்ககிட்ட தப்பில்லைன்னுதான் நினைச்சேன்.”

“அப்புறம் எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க?”

“அதைத்தான் சொல்ல வரேன். எங்க மூணு பேருக்கும் கடைசி வரைக்கும் யார் காரணம்னு புரியலை. குழம்பிப்போய்த்தான் உங்களுக்கு அனுப்பினோம். நீங்க திருத்திக் குடுத்ததைப் படிச்சப்புறம்தான் பளிச்சுனு தெளிவாச்சு. என்ஜினியர்கூட ஆச்சரியப்பட்டுட்டார்.”

“அந்த நாலு வார்த்தை நான் போட்டது சார். நீங்க சொன்னது இல்ல. அதை எடுத்துட்டு மறுபடி அனுப்புங்க.”

தலைவர் தாளை எடுத்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு கொக்கியையும் விரலால் மறைத்து மறைத்துப் படித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“எடுத்துட்டா ஓட்டமே போயிடுதேங்க.”

“ஓட்டம் போகட்டும் சார்.”

“அப்படிச் சொல்லாதீங்க. நீங்களே சொல்லலாமா? இதுல இருக்கிற விஷயம் ஒவ்வொண்ணும் உண்மை. நீங்க சேர்த்தது வெறும் மொழி. வெறும் மொழியை மாத்தினோம்னு ஆட்சிக்குழுவைத் திருப்பிக் கூப்பிட முடியுமா? மேல்முறையீடு பண்ணச் சொல்லுங்க. ஆங்கிலத்துல இருக்கணும். உங்களுக்கென்ன, வீட்டுலயே ஆள் இருக்கு.” பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு கனத்த ஆய்வேட்டை எடுத்து நீட்டினார். “வந்ததுதான் வந்தீங்க. நம்ம மாணவி ஒருத்தியோடது. தத்தித் தத்திப் போகுது.”

கொக்கி சார் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் கை நீண்டது. நீண்ட கையில் தலைவர் வைத்துவிட்டார். வீட்டில் இப்போது வரும் ஒரே வருமானம் அதுதான் என்பது படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மேல்முறையீட்டைக் கணவர் எழுதித் தருவார் என்று ஸ்டோர் அம்மா காத்திருக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தார். அலமாரித் தட்டுகளில் சீட்டு ஒட்டுகிறவரின் ஆங்கிலம். குழாய் ஒழுகியது. எழுதிக் கொடுத்தேன். மறுபடி ஒழுகியது. மறுபடி எழுதிக் கொடுத்தேன். யாரும் வரவில்லை. சட்டி வைத்தேன். விடுப்புக் கேட்டேன். நீங்கள் கொடுத்தீர்கள். குழாய் உடைந்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தார்.

“ஸ்பெல்லிங் மட்டும் பாருங்க,” என்று தாளை அவர் பக்கம் தள்ளினார்.

கொக்கி சார் பார்த்தார். இரண்டு இடத்தில் எழுத்தைத் திருத்தினார். தாளை வைத்துவிடலாம். வைக்கவில்லை.

“மேலிடத்துக்குப் போறது,” என்றார் மெதுவாக. “அவங்க இப்படிப் படிச்சுப் பழக்கம் இல்ல. துண்டு துண்டா இருந்தா, சொல்லத் தெரியாதவங்க எழுதினதுன்னு ஓரமா வெச்சுடுவாங்க. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தும் யாரும் வரலைங்கிறது உண்மைதானே? உண்மைக்குத்தானே போடறேன். இந்த இடத்துல மட்டும் ஒரே ஒரு ‘டெஸ்பைட் திஸ்’…”

பென்சில் இரண்டு வரிகளுக்கும் நடுவே இருந்த வெள்ளைக்கு இறங்கியது.

ஸ்டோர் அம்மா உள்ளங்கையை விரித்து அந்த வெள்ளையின்மேல் வைத்தார். பென்சில் முனை அவர் நகத்தில் முட்டி நின்றது. கொக்கி சார் பென்சிலை எடுக்கவில்லை. ஸ்டோர் அம்மாவும் கையை எடுக்கவில்லை.